"ஒழிச்சுட்டோம்"னு எழுதி வச்ச கல்லுங்க: கெய்ரோவுல இருந்து தாண் வரைக்கும்

ஞாயிறு, பிப்ரவரி 2023, கெய்ரோ

தஹ்ரிர் சதுக்கத்து மியூசியத்துக்குள்ள நுழைஞ்சதும் எல்லா கூட்டமும் துத்தன்காமுன் முகமூடிய பாக்க மாடிக்கு ஓடுது, சித்தப்பா மட்டும் கீழயே நின்னு கார்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் "மெர்னெப்தா? மெர்னெப்தா?"ன்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. பாளையங்கோட்டைல முப்பது வருஷத்துக்கு மேல ஹிஸ்டரி எடுத்த மனுஷன். நம்ம ஊர்ல இருந்து புனித நாட்டுக்கு சர்ச் குரூப் நிறைய போகுது, கவர்மெண்ட் மானியம் கூட உண்டு, ஆனா இவருக்கு அது வேண்டாமாம். "பஸ்ஸ விட்டு எறங்கு, ஜெபம் பண்ணு, போட்டோ எடு, பஸ்ல ஏறு, அதுக்கா இம்புட்டு தூரம் போகணும்? பைபிள்ல வர்ற சனங்கள பத்தி வெளிய இருக்கவன் என்ன எழுதி வச்சிருக்கான்னு பாக்கணும்டே"ன்னாரு. அதான் இந்த ரூட்டு, எகிப்து, ஜோர்டான், இஸ்ரேல்.

கல்லு கிடைச்சுது. மூணு மீட்டருக்கு மேல ஒசரம், கருப்பா பெரிய கிரானைட் பலகை. மூணாம் அமென்ஹோதெப் காலத்துக் கல்லு இது, ரெண்டாம் ராம்சேஸ் மகன் மெர்னெப்தா அதைத் திருப்பி பின்பக்கத்துல தன் பெருமைய வெட்டிக்கிட்டாரு. கி.மு. 1208 வாக்குல. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1896ல தீப்ஸ்ல தோண்டி எடுத்தது. 28 வரி இருக்கு, அதுல பெரும்பாலும் லிபியாக்காரங்கள அடிச்ச கதைதான், கடைசில போற போக்குல கானான் (இப்ப இஸ்ரேல், பாலஸ்தீனம் இருக்க பகுதி) பக்கம் ஒரு லிஸ்ட்டு வருது. அஸ்கலோன் பிடிச்சாச்சு, கேசேர் பிடிச்சாச்சு, யனோவாம் இல்லாம போச்சு, இஸ்ரவேல் பாழாச்சு, அதோட வித்து இல்ல. அவ்வளவுதான். உலகத்துல இஸ்ரவேல்ங்குற பேரு எழுத்துல வர்ற மொத இடமே, அதுல பெரும்பாலான ஆய்வாளருங்களுக்கு சந்தேகம் இல்ல, "ஒழிஞ்சுட்டாங்க"ங்குற சேதியோடதான் வருது.

இதுல நான் ரொம்ப நேரம் பாத்தது ஒரு சின்ன குறி. மத்த மூணு பேருக்கும் பக்கத்துல மூணு மலை மாதிரி ஒரு குறி இருக்கும், அந்நிய ஊரு நாடுன்னு அர்த்தம். இஸ்ரவேல் பக்கத்துல மட்டும் ஒரு ஆணு ஒரு பொண்ணு உக்காந்திருக்க மாதிரி குறி, கீழ மூணு கோடு. அதாவது ஊர் இல்ல, ஜனம். எகிப்து கிளார்க்குக்கு அந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கு, இவனுங்களுக்கு கோட்டை கொத்தளம் எதுவும் இல்ல, மலைப்பக்கம் சுத்துற ஒரு கூட்டம்னு. பைபிள்ல யாத்திராகமத்துல வர்ற மாதிரி ஆறு லட்சம் ஆம்பளைங்க எகிப்த விட்டு போனதுக்கு இங்க ஒரு வரி கூட கிடையாது, சீனாய்லயும் தடயம் இல்ல. தொல்லியல்காரங்க பல பேர் சொல்றது என்னன்னா, கி.மு. 1200ஐ ஒட்டி கானான் மலை மேல திடீர்னு நூத்துக்கணக்குல சின்ன சின்ன கிராமங்க முளைக்குது, பானை சட்டி எல்லாம் கானான் பாணிதான், பன்னி எலும்பு மட்டும் அங்க கிடைக்கிறது ரொம்ப அரிது, இவங்கதான் ஆரம்ப இஸ்ரவேலர், அதுலயும் பெரும்பான்மை அந்த மண்ணுக்காரங்களே அப்படின்னு. ஒரு சின்ன கூட்டம் எகிப்துல இருந்து கதையோட வந்து சேந்திருக்கலாம்னு சொல்றவங்களும் உண்டு. சித்தப்பா ரெண்டாவது கட்சி.

திங்கள், அம்மான்

ஃப்ளைட்ல ஒண்ணும் இல்ல எழுத. ஜோர்டான் மியூசியத்துல ஐன் கசால் பொம்மைங்கள பாத்தேன், சுண்ணாம்புச் சாந்துல செஞ்சது, கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் வருஷம் பழசு, கண்ண சுத்தி கருப்பா மை தீட்டி நம்மளயே முறைக்குது, ரெண்டு தலை உள்ளது கூட இருக்கு. எபிரேயருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா அந்த ரூம்ல இருந்து என்னால நகர முடியல. ஆபிரகாம் வந்ததா சொல்ற காலத்துக்கே இந்த பொம்மைங்க அஞ்சாயிரம் வருஷம் பழசு, யோசிச்சுப் பாருங்க.

மேசா கல்லோட (மோவாப்ங்குற பழைய நாட்டு ராஜா எழுதி வச்சது) நகல் இங்க இருக்கு. ஒரிஜினல் பாரிஸ்ல லூவர்ல. நாளைக்கு அது கிடைச்ச ஊருக்கே போறோம்.

செவ்வாய், தீபான்

அம்மான்ல இருந்து தெக்க பழைய ராஜபாதைல அறுபது அறுபத்தஞ்சு கிலோமீட்டர். பைபிள்ல தீபோன், இப்ப தீபான். டூரிஸ்ட் யாருமே இல்ல, ஒரு மேடு, இடிஞ்ச சுவர், ஆடு மேய்க்கிற ரெண்டு பசங்க. டாக்சி டிரைவர் எங்கள ஒரு மாதிரி பாத்தாரு, பெத்ரா போகாம இங்க எதுக்குன்னு.

1868ல க்ளைன்னு ஒரு மிஷனரி இந்தப் பக்கம் வந்தப்ப பெதுவின்காரங்க ஒரு கருங்கல்ல காட்டியிருக்காங்க. ஒரு மீட்டர் சொச்சம் ஒசரம், பசால்ட் கல்லு, 34 வரி. சேதி வெளிய பரவி ஜெர்மன்காரன் பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ்காரன்னு ஆளாளுக்கு விலை பேச, துருக்கி அதிகாரியும் உள்ள மூக்க நுழைக்க, 1869ல கல்ல நெருப்புல சூடாக்கி தண்ணி ஊத்தி துண்டு துண்டா உடைச்சுட்டாங்க. நல்ல வேளை, அதுக்கு முன்னாடியே க்ளெர்மோன் கனோங்குற பிரெஞ்சு ஆய்வாளர் ஆள் அனுப்பி ஈரத்தாள அமுக்கி ஒரு படி எடுத்து வச்சிருந்தாரு, அதையும் பொறுக்கின துண்டுங்களையும் வச்சுத்தான் திருப்பி ஒட்டினது.

எழுதினது மோவாப் ராஜா மேசா, கி.மு. 840 வாக்குல. 2 இராஜாக்கள் மூணாம் அதிகாரத்துல வர்ற அதே ஆளு, இஸ்ரவேலுக்கு லட்சம் ஆட்டுக்குட்டி கப்பம் கட்டுனவன். கல்லுல என்ன சொல்றான்னா, மோவாப் சாமி கேமோஷ் தன் நாட்டு மேல கோவமா இருந்தாரு, அதனால இஸ்ரவேல் ராஜா உம்ரி மோவாப்ப ரொம்ப நாள் ஒடுக்கினான், அப்புறம் கேமோஷ் மனசு எறங்கினாரு, நான் ஜெயிச்சேன், "இஸ்ரவேல் என்னைக்குமா அழிஞ்சு போச்சு". கேமோஷ் என்கிட்ட போய் நேபோவ பிடின்னாரு, ராத்திரியோட ராத்திரியா போய் விடியக்காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் அடிச்சேன், ஏழாயிரம் பேரை கொன்னு சாமிக்கே அர்ப்பணம் பண்ணிட்டேன், இஸ்ரவேல் சாமி யாவேயோட பாத்திரங்கள எடுத்துட்டு வந்து கேமோஷ் முன்னாடி வச்சேன்.

இதை சத்தமா வாசிச்சுட்டு சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. நானும்தான். பைபிள்ல இஸ்ரவேலர் கானான பிடிச்ச கதை சொல்ற யோசுவா புஸ்தகத்த அப்படியே பேரு மட்டும் மாத்தி எழுதின மாதிரி இருக்குங்க. சாமிக்கு கோவம் வந்தா சொந்த ஜனத்தையே எதிரிகிட்ட குடுக்கும், மனசு எறங்கினா மீட்கும், பிடிச்ச ஊர் மொத்தத்தையும் சாமிக்குன்னு அழிக்கணும், பாஷை கூட கிட்டத்தட்ட எபிரேயமேதான், இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் மொழிபெயர்ப்பாளர் இல்லாம திட்டிக்கலாம். யாவேங்குற பேரு பைபிளுக்கு வெளிய சந்தேகம் இல்லாம வர்ற ரொம்ப பழைய இடமும் இதுதான், அதுவும் எதிரி கொள்ளையடிச்ச சாமான் லிஸ்ட்டுல.

யுத்தம் போக அந்த ஆளு நிர்வாகத்தையும் எழுதியிருக்கான். அர்னோன்ல ரோடு போட்டேன், ஊருக்குள்ள கிணத்து வசதி இல்ல, அதனால வீட்டுக்கு வீடு தண்ணித் தொட்டி கட்டிக்கோங்கன்னு ஜனங்ககிட்ட சொன்னேன், இஸ்ரவேல் கைதிங்கள வச்சு பள்ளம் தோண்டினேன்னு வருது. எனக்கு அந்த ஏழாயிரம் பேரை விட இந்த தொட்டி விஷயம்தான் நம்புற மாதிரி இருக்கு.

போற வழில நேபோ மலை. மோசே நின்னு பாத்த இடம்னு சொல்றது. தூசிப் படலம், எரிகோ கூட சரியா தெரியல.

புதன், பாலம்

ஜோர்டான்காரங்களுக்கு கிங் ஹுசைன் பாலம், அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு ஆலன்பி பாலம். காலைல போனது, எருசலேம் சேர பொழுது சாஞ்சிருச்சு. சித்தப்பாவோட பைல இருந்த ஊறுகாய் பாட்டில ஸ்கேனர்ல மூணு தடவை விட்டாங்க. தமஸ்கு வாசலுக்கு வெளிய பலாஃபல் சாப்ட்டு படுத்தாச்சு.

வியாழன், எருசலேம்

தாவீதின் நகரம்னு டிக்கெட் விக்கிற இடம் பழைய மதில் சுவருக்கு வெளிய, தெக்கால சரிவுல இருக்கு. அதுவே சில்வான்னு ஒரு பாலஸ்தீன ஊர், வீட்டுக்கு அடியிலயும் பக்கத்துலயும் தோண்டிக்கிட்டே இருக்காங்க, அங்க இருக்க ஜனங்களுக்கு அது பெரிய வேதனை, தொல்லியல்காரங்க மத்திலயே இதுக்கு எதிர்ப்பு உண்டு. இதை தெரிஞ்சுக்கிட்டே உள்ள போறது நல்லது.

இந்த மேட்டுல ஊர் இருந்தது இஸ்ரவேலுக்கு முன்னாடியே. கி.மு. 14ம் நூற்றாண்டுல அப்தி ஹெபான்னு எருசலேம் ராஜா ஒருத்தன் எகிப்துக்கு களிமண் பலகைல கடிதம் கடிதமா எழுதியிருக்கான், ஹபிரு கூட்டம் நாட்ட பிடிக்குது, வில்வீரர் அனுப்புங்க அனுப்புங்கன்னு. அமர்னாவுல 1887ல கிடைச்ச கடிதக் கட்டுல இருக்கு. அந்த ஹபிருதான் எபிரேயரான்னு நூறு வருஷமா சண்டை, பொதுவா நாடோடி, கூலிப்படை, ஊரு விட்டு ஓடினவங்க எல்லாரையும் அப்படி சொல்லியிருக்காங்கன்னுதான் இப்ப நிறைய பேர் எடுத்துக்கிறாங்க.

எசேக்கியா சுரங்கம்! இதுக்குத்தான் நான் வந்ததே. எசேக்கியா யூதா ராஜா, இஸ்ரவேலர் நாடு ரெண்டா பிரிஞ்சதுல தெக்குப் பாதிதான் யூதா. கீகோன் ஊத்து மதிலுக்கு வெளிய இருக்கு, அசீரியாக்காரன் வந்தா தண்ணி அவன் கைல, அதனால மலைக்கு அடியிலயே குடைஞ்சு தண்ணிய ஊருக்குள்ள கொண்டு வந்திருக்காங்க. 533 மீட்டர். சித்தப்பாவுக்கு பிரஷர், அவரை தண்ணி இல்லாத கானான் காலத்து சுரங்கப் பக்கம் அனுப்பிட்டு நான் பேண்ட்ட மடிச்சு விட்டு டார்ச்சோட எறங்கினேன். ஆரம்பத்துல தொடை வரைக்கும் ஜில்லுனு தண்ணி, போகப் போக முட்டிக்கு கீழ. தோள் ரெண்டு பக்கமும் ஒரசுது. சில இடத்துல தலைய குனிஞ்சே போகணும், சில இடத்துல மேல டார்ச் அடிச்சாலும் கூரை எட்டாது.

ரெண்டு குரூப்பு ரெண்டு முனைல இருந்து குடைஞ்சு நடுவுல சந்திச்சிருக்கானுங்க. காம்பஸ் கிடையாது, பாறைக்கு உள்ள, வளைஞ்சு வளைஞ்சு. சந்திச்ச இடத்துக்கு கிட்ட வரும்போது சுரங்கம் தடுமாறுது, இடது பக்கம் கொஞ்சம் குடைஞ்சு இல்லன்னு விட்டது, வலது பக்கம் விட்டது, அப்படி முட்டுச்சந்து தெரியுது. சுவத்துல கைய வச்சுப் பாத்தேன், அதுவரைக்கும் உளி வடு எல்லாம் நான் நடக்குற திசைல சாஞ்சிருந்தது, அந்த இடம் தாண்டினதும் வடு எனக்கு எதிரா சாயுது. எதிர்ல இருந்து வந்தவனோட உளி. 2700 வருஷம் கழிச்சும் விரல்ல தட்டுப்படுதுங்க.

தெக்கு முனை கிட்ட ஒரு கல்வெட்டு இருந்திருக்கு, 1880ல தண்ணில விளையாடின பசங்க கண்ல பட்டது, இப்ப இஸ்தான்புல் மியூசியத்துல. அதுல ராஜா பேரும் இல்ல சாமி பேரும் இல்ல. இன்னும் மூணு முழம் பாக்கி இருக்கப்ப ஒருத்தன் இன்னொருத்தன கூப்பிடுற சத்தம் கேட்டுச்சு, கோடாலிக்கு நேர் கோடாலி அடிச்சோம், தண்ணி ஓடுச்சு, தலைக்கு மேல நூறு முழம் பாறை. இவ்வளவுதான். இந்தப் பயணத்துல நான் வாசிச்ச கல்வெட்டுலயே பீத்தாத ஒரே கல்வெட்டு, வேலை செஞ்சவங்க பேச்சு.

சாயங்காலம் இஸ்ரேல் மியூசியம். சாக்கடல் சுருள் பக்கம் ஒரே நெரிசல், நான் அதிக நேரம் நின்னது ரெண்டு சிகரெட் சைஸ் வெள்ளித் தகடு முன்னாடி. 1979ல கேத்தெப் இன்னோம் கல்லறைல கிடைச்சது, சுருட்டி கழுத்துல தாயத்தா போட்டது. விரிச்சா "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்" வசனம், எண்ணாகமம் ஆறாம் அதிகாரம். கி.மு. 600 வாக்கு, சாக்கடல் சுருள விட நானூறு வருஷத்துக்கு மேல பழசு. நம்ம சர்ச்ல ஆராதனை முடிஞ்சு ஐயர் (போதகர்) கைய தூக்கி சொல்ற அதே வசனம், சித்தப்பா கண்ணாடிய கழட்டி தொடைச்சுக்கிட்டாரு. பக்கத்து ஷெல்ஃபுலயே யூதா வீடுகள்ல கிடைச்ச குட்டி களிமண் பொம்பள பொம்மைங்க, மார கைல ஏந்திக்கிட்டு. ஒரே கடவுள்னு ஆலயத்துல சொல்லிக்கிட்டிருந்த காலத்துல வீட்டுல இதுவும் இருந்திருக்கு. சீனாய் பாலைவனத்துல குந்தில்லெத் அஜ்ருட்ல கிடைச்ச ஜாடில "சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்"னே ஆசீர்வாதம் எழுதியிருக்கு (அசேரா அந்தக் காலத்து பொம்பள சாமி பேரு). தீர்க்கதரிசிங்க ஏன் அந்த கத்து கத்துனாங்கன்னு இப்ப புரியுது, எல்லாரும் ஒழுங்கா இருந்தா எதுக்கு கத்தணும்.

வெள்ளி, லாகீஸ், ஆராத்

வாடகை கார். சப்பாத் (யூதரோட ஓய்வுநாள்) வர்றதால வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் சீக்கிரம் பூட்டிருவாங்க, அதனால ஏழு மணிக்கே கிளம்பிட்டோம்.

லாகீஸ் எருசலேமுக்கு அடுத்த பெரிய ஊர் யூதாவுல. கி.மு. 701ல அசீரியா ராஜா சனகெரிப் வந்து பிடிச்சான். மேட்டோட தென்மேக்கு மூலைல அசீரியாக்காரன் போட்ட சாய்வு இன்னும் அப்படியே இருக்கு, லட்சக்கணக்குல கல்ல குவிச்சு மதில் ஒசரத்துக்கு ரோடு மாதிரி ஏத்தி அதுல மதில் இடிக்கிற இயந்திரத்த தள்ளிக்கிட்டு போறது. சித்தப்பா அந்த சரிவுல நின்னு மேல பாத்து, "உள்ள இருந்தவன் தெனமும் இது ஒசருறத பாத்துக்கிட்டே இருந்திருப்பான்லடே"ன்னாரு. உள்ள இருந்தவங்களும் பதிலுக்கு மதிலுக்கு உட்பக்கம் மண்ண கொட்டி ஒசத்தியிருக்காங்க, பலிக்கல.

சனகெரிப்போட களிமண் பட்டயத்துல கணக்கு இருக்கு: 46 கோட்டை ஊர், 2,00,150 பேர் சிறை, 30 தாலந்து (அந்தக் காலத்து எடை) தங்கம், 800 தாலந்து வெள்ளி. பைபிள்ல தங்கம் அதே 30, வெள்ளி மட்டும் 300. எசேக்கியாவ கூண்டுப் பறவை மாதிரி எருசலேம்ல அடைச்சேன்னு எழுதறான், ஆனா எருசலேம பிடிச்சேன்னு எங்கயும் எழுதல. நினிவே அரண்மனைல ஒரு ரூம் சுவர் முழுக்க லாகீஸ் சண்டைய செதுக்கி வச்சானே, தலைநகரம் விழுந்திருந்தா அதைத்தானே செதுக்கியிருப்பான்.

இங்க நின்னப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. அந்தக் காலத்து கணக்குப்படி நீ தோத்தா உன் சாமி தோத்துது. மோவாப் போச்சு, கூடவே கேமோஷும் போச்சு. அசீரியா விழுந்ததும் அவங்க சாமி அசூருக்கு அந்தப் பழைய மவுசு திரும்பி வரவே இல்ல. யூதாக்காரங்க மட்டும் வேற மாதிரி எழுதினாங்க, ஏசாயா பத்துல அசீரியா என் கோபத்தின் கோல்னு வருது பாருங்க, அதாவது எங்கள அடிச்சவன் எங்க கடவுள் கைல இருந்த கம்பு. மேசாவும் இதேதான சொன்னான்னு கேக்கலாம், சொன்னான், ஆனா ஜெயிச்சதுக்கு அப்புறம், தன் நாட்டளவுக்கு. இவங்க தோத்துக்கிட்டு இருக்கும்போதே உலகத்துப் பெரிய சாம்ராஜ்யமே எங்க சாமிக்கு வேலைக்காரன்னு எழுதினாங்க. திமிரா விசுவாசமா, என்னவோ வச்சுக்கோங்க. பாபிலோன்காரன் ஆலயத்த எரிச்சு ராஜாவ பிடிச்சுட்டு போனப்பவும் அந்த எழுத்துதான் கூட போச்சு.

பாபிலோன்காரன் வந்த சமயத்துக் கடிதமும் இங்கயே கிடைச்சிருக்கு, 1935ல, வாசல் பக்க ரூம்ல, ஓட்டுத் துண்டுல மையால எழுதினது. லாகீஸ் நெருப்பு அடையாளத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம், அசெக்காவோடது தெரியலைன்னு ஒரு சிப்பாய் எழுதறான்.

ஆராத் இன்னும் தெக்க, நெகேவ் பொட்டல். யூதா கோட்டைக்குள்ளயே ஒரு குட்டி கோயில். எருசலேம்ல மட்டும்தான் பலின்னு உபாகமம் படிச்சு வந்தவங்களுக்கு இது அதிர்ச்சி. உள்ளறை வாசல்ல ரெண்டு தூபபீடம், உள்ள நட்ட கல்லு (இப்ப இருக்கது நகல், ஒரிஜினல் நேத்து மியூசியத்துல பாத்தாச்சு). 2020ல அந்த பீடத்து மேல கருகிக் கிடந்தத சோதிச்சாங்க, பெருசுல மிருகக் கொழுப்போட சாம்பிராணி வகை குந்திருக்கம், சின்னதுல சாணியோட கஞ்சா. சித்தப்பாகிட்ட சொன்னேன். "சாணி எதுக்கு?"ன்னு மட்டும் கேட்டாரு. நிதானமா எரியன்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டு கார்ல ஏறிட்டாரு.

சனி, எருசலேம்

பஸ் இல்ல, டிராம் இல்ல, யூதப் பகுதில கடை இல்ல. மேற்குச் சுவர்ல போட்டோ எடுக்கக் கூடாதுன்னு ஒருத்தர் வந்து சொன்னாரு. இந்தச் சுவர் சாலொமோன் கட்டினது இல்ல, ஏரோது ராஜா ஆலய மேடைய விரிச்சப்ப கட்டின தாங்குசுவர். ஆலயம் கி.பி. 70ல ரோமாக்காரன் இடிச்சதோட சரி, ஓய்வுநாள் மட்டும் இன்னும் ஊர் மொத்தத்தையும் நிறுத்துது. நாங்க கிறிஸ்தவப் பகுதில அரபுக் கடைல ஹம்மூஸ் சாப்ட்டு துணி துவைச்சோம்.

ஞாயிறு, ஆத்சோர், தாண்

வடக்க நீண்ட டிரைவ். ஆத்சோர் இஸ்ரவேலர் ஊர் ஆகுறதுக்கு முன்ன கானான்காரங்களோட பெரிய நகரம், கீழூரும் சேத்தா 80 ஹெக்டேர், யூப்ரடீஸ் கரைல இருந்த மாரி அரண்மனைக் கடிதங்கள்லயே இதோட பேரு வருது. 13ம் நூற்றாண்டுல எரிஞ்சு போச்சு. அரண்மனைல பசால்ட் கல்லே வெடிச்சிருக்கு அந்த சூட்டுல, சிலைங்களோட தலையும் கையும் வெட்டியிருக்கு. யோசுவாவா, வேற யாராவதான்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க. எனக்கு அதை விட இங்க கும்பிட்ட பாகாலும் ஏலும்தான் முக்கியம். சிரியால உகாரித்ல 1928க்கு அப்புறம் கிடைச்ச பலகைங்கள்ல அந்த சாமிங்க கதை நீளமாவே இருக்கு, மேகத்துல ஏறி வர்ற பாகால், லோத்தான்ங்குற பாம்பு. சங்கீதத்துலயும் கர்த்தர் மேகத்த ரதமாக்கி வர்றாரு, லிவியாதான்ங்குற பாம்பும் வருது. பக்கத்து வீட்டு பாட்ட கேக்காம யாரும் பாட்டு கட்டல.

தாண், லெபனான் எல்லைய ஒட்டி. மரமும் தண்ணியுமா, யோர்தானோட ஒரு ஊத்து இங்கதான் பொங்குது. இஸ்ரவேல் ராஜா யெரொபெயாம் பொன் கன்னுக்குட்டி வச்ச மேடைன்னு ஒரு பெரிய கல் மேடை. இன்னொரு பக்கம் கி.மு. 18ம் நூற்றாண்டு பச்சை மண் செங்கல் வாசல், வளைவு இன்னும் நிக்குது, மேல ஷெட் போட்டு வச்சிருக்காங்க.

வெளி வாசல் கிட்ட 1993 ஜூலைல தொல்லியலாளர் அவ்ராம் பிரான் குழுவோட சர்வேயர் கீலா குக் கண்ணுல, சுவத்துல பதிச்சிருந்த ஒரு கல்லு மேல சாயங்கால வெயில் பட்டு எழுத்து தெரிஞ்சிருக்கு. அராமிய பாஷை. தமஸ்கு ராஜா ஒருத்தன், பெரும்பாலும் ஆசகேல், இஸ்ரவேல் ராஜாவ கொன்னேன், "தாவீதின் வீட்டு" ராஜாவ கொன்னேன்னு எழுதியிருக்கான். தாவீது வெறும் கதைன்னு சொல்லிக்கிட்டு இருந்தவங்களுக்கு அன்னைக்கு தூக்கம் போயிருக்கும், தாவீது செத்ததா சொல்ற காலத்துக்கு நூத்தம்பது வருஷத்துக்குள்ளயே எதிரி வாய்ல அவரு பேரு. அவரு எவ்ளோ பெரிய ராஜாங்குறது வேற விஷயம், அதை இந்தக் கல்லு சொல்லல.

ஒரு சிக்கல் இருக்கு. கல்லு உடைஞ்சது, பேருங்க பாதிதான் இருக்கு, ஆனா நிரப்பினா இஸ்ரவேல் ராஜா யோராமும் யூதா ராஜா அகசியாவும்னு வருது, 2 இராஜாக்கள் ஒன்பதுல அந்த ரெண்டு பேரையும் கொன்னது இஸ்ரவேல் தளபதி யெகூ. நான் சித்தப்பாவ சீண்டினேன், இப்ப எதை நம்புறது, வேதமா கல்லான்னு. அவரு ஓடைல கால விட்டுக்கிட்டு, "ஏலே, நம்மூர்ல ஒரு பாலம் கட்டுனா ரெண்டு கட்சிக்காரனும் போஸ்டர் ஒட்டுதாம்லா, அதுக்காவ பாலம் இல்லன்னு ஆயிருமா"ன்னாரு.

அந்த ஆசகேல் போஸ்டர் ரொம்ப நாள் நிக்கல. நூறு வருஷத்துக்குள்ள தாண் மறுபடி இஸ்ரவேல் கைக்கு வந்து, யாரோ அதை உடைச்சு சுவத்துக்கு கல்லா வச்சுட்டாங்க, அதனாலதான் நமக்கு கிடைச்சுது. சித்தப்பா கார்ல வரும்போதே லண்டன் விசாவுக்கு எவ்வளவு ஆகும்னு கேக்க ஆரம்பிச்சுட்டாரு, லாகீஸ் சுவர்ச் சிற்பம் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்காம்.